நள்ளிரவு மணி

நான் முதன்முதலாக மைக் பிடித்துச் சொன்னது ஒரு பொய்.

2008ஆம் வருடம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஓர் அறக்கட்டளை ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் விழா. அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் விழா அதேதான்: குத்துவிளக்கு, பொன்னாடை, அட்டையில் செய்த மூன்றடிக் காசோலை. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய். வாங்குகிற ஒவ்வொருவரும் மேடையில் "உங்க கஷ்டத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை" பேச வேண்டும். எனக்கு முன்னால் பேசிய பெண்ணுக்கு அப்பா இல்லை. அவள் பேசி முடித்தபோது முன்வரிசைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். அடுத்தது நான். எனக்கு அப்பா இருந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் மூட்டை தூக்கினார். குடி கிடையாது, கடன் உண்டு. அம்மா இரண்டு மாடு வைத்திருந்தாள். வருமானம் கம்மிதான், ஆனால் யாரையும் அழவைக்கிற கதை அதில் ஒன்றுமில்லை. மைக் கைக்கு வந்தது. "எங்க வீட்ல ஒருவேளைச் சாப்பாடுதான் சார்" என்று சொல்லிவிட்டேன். நல்ல கைதட்டல்.

அம்மா நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ராத்திரி பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. பாதித் தூரம் வந்த பிறகு கேட்டாள்: "ஏந்தம்பி, நான் ஒனக்கு ஒருவேளதான் சோறு போட்டேனா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பு நேர்காணல் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "வீட்ல டிவி இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். இருக்கு சார் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டிவி என்று சொல்ல எனக்குப் பத்து நொடி ஆயிற்று. அந்தப் பத்து நொடியும் என் மெஸ் பில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அறக்கட்டளைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கைக்காசைப் போட்டுச் செய்தார்கள். விடுதிப் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்பது எங்கள் கல்லூரியின் விதி. அந்தப் பத்தாயிரம் வந்திராவிட்டால் நான் அந்த செமஸ்டர் பரீட்சை எழுதியிருக்க மாட்டேன். ஆகவே நன்றி இருக்கிறது. நன்றி இருப்பதாலேயே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். பதினைந்து வருடத்துக்கு மேல் மூடிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது நானே ஓர் உதவித்தொகைக் குழுவில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இனிமேலும் மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் நன்றி இல்லை, உடந்தை.

*

என் பெரியப்பா 1960களின் கடைசியில் ஒரத்தநாட்டில் சத்திரத்து விடுதியில் தங்கிப் படித்தவர். பிறகு ஆரம்பப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மேடைக் கதையைப் பல வருடம் கழித்து அவரிடம் மட்டும் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நாங்க சேரும்போது ஒரு ஃபாரம் குடுத்தாங்க தம்பி. வாத்தியார் கையெழுத்து, மணியக்காரர் கையெழுத்து. அதோட சரி. அதுக்கப்பறம் நாலு வருசம் என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. மணி அடிச்சா தட்டத் தூக்கிட்டுப் போவோம்" என்றார்.

அந்த "அதோட சரி" என்னைப் பிடித்துக்கொண்டது. நான் மேடையில் ஏலம் விட்ட பொருளை அவர் விற்கவே வேண்டியிருக்கவில்லை. அவரும் ஏழை, நானும் ஏழை, அதே ஊர், அதே வயல். இடையில் நாற்பது வருடம். அந்த நாற்பது வருடத்தில் தர்மம் வளர்ந்திருக்க வேண்டுமல்லவா? எனக்கு ஏன் மைக் கிடைத்தது, அவருக்கு ஏன் தட்டு மட்டும் போதுமாக இருந்தது?

சத்திரம் என்றால் இன்று நமக்குக் கல்யாண மண்டபம். முன்பு அது வழிப்போக்கனின் சோறு. தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் யாத்திரைப் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். பலவற்றுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர். சோற்றுச் செலவுக்கு ஊர்களையும் நிலங்களையும் எழுதி வைத்தார்கள். ஒரத்தநாட்டுச் சத்திரம் இரண்டாம் சரபோஜி 1802இல் முத்தம்பாள் பெயரில் ஏற்படுத்தியது. ஊருக்கே முத்தம்பாள்புரம் என்று பெயர் இருந்தது. தேரைக் குதிரையும் யானையும் இழுப்பது போலக் கட்டடத்தின் அடியில் கல்லில் செதுக்கியிருப்பார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்துப் பார்த்து எங்கள் ஊர்க்காரர்களின் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

அதற்கு முந்தைய வருடம், 1801இல், சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். 1799 ஒப்பந்தத்தில் நாட்டு நிர்வாகம் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. அவருக்கு மிஞ்சியவை கோட்டையும் பட்டமும் வருடாந்தரப் பணமும். சத்திரங்களை மட்டுமாவது என் பொறுப்பில் விடுங்கள் என்று தஞ்சை ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் அது. இங்கே அரசரே விண்ணப்பதாரர் என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே மிகை இருக்கலாம். நானும் விண்ணப்பத்தில் மிகை சொன்னவன்தான், அந்த மொழி எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் எதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார் என்பதை வைத்தே அவர் எதைத் தர்மம் என்று நினைத்தார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அவர் சொல்வது இது. பிராமணர் முதல் பறையர் வரை, வழிப்போக்கர் யாராக இருந்தாலும் சத்திரத்தில் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் சாமானும். இது நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடிப்பார்கள். அதுவரை சாப்பிடாதவர் யார் இருந்தாலும் வந்து ஆக்கி வைத்திருப்பதைச் சாப்பிட்டாக வேண்டும். சத்திரத்தில் வேத ஆசிரியர், பள்ளி வாத்தியார், வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியம் தெரிந்த மருத்துவர் உண்டு. திக்கற்ற பிள்ளைகள் வந்து சேர்ந்தால் வாத்தியார் பொறுப்பு. தினம் மூன்று வேளைச் சோறு, நாலு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், மருந்து, துணி. எந்தக் கல்வியில் பிள்ளைக்கு நாட்டமோ அதைக் கற்றுக்கொடுப்பது. கடைசியில் கல்யாணச் செலவும்.

வரிசையைப் பாருங்கள். முதலில் சோறு. அப்புறம் எண்ணெய், மருந்து, துணி. அதற்குப் பிறகுதான் படிப்பு, அதுவும் பிள்ளைக்குப் பிடித்த படிப்பு. எங்கேயும் "நன்றாகப் படிக்கிற பிள்ளையாக இருந்தால்" என்ற நிபந்தனை இல்லை. இன்று நாம் வைத்திருக்கும் எந்த உதவித்தொகைத் திட்டத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்முடையதில் மதிப்பெண் முதலில் வரும். சோறு பட்டியலிலேயே இருக்காது.

*

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலத்துல எப்படி வாழ்ந்தோம்" என்று ஸ்டேட்டஸ் போடக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். கதை இன்னும் முடியவில்லை.

எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். அந்தக் காலமும் அப்படி இல்லை, கடிதமும் அப்படிச் சொல்லவில்லை. பிறகு சத்திரங்கள் கம்பெனி, அரசாங்கம், மாவட்ட போர்டு என்று கைமாறின. வழிப்போக்கர் குறைந்தார்கள், ரயில் வந்தது, தர்மத்தின் கவனம் மாணவர்கள் பக்கம் திரும்பியது. வளர்ச்சிதான். ஆனால் வளரும்போதே வாசல் சுருங்கியது. 1920களுக்கு வரும்போது ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திரங்களின் இலவச விடுதிகள் பிராமண மாணவர்களுக்கு மட்டும் என்றாகியிருந்தன. சத்திரத்து நிலத்தில் இறங்கி நட்டவர்களும் அறுத்தவர்களும் யார் என்று டெல்டாக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த நெல்லில் ஒரு கவளம் கிடையாது. பேரில் தர்மம், நடப்பில் ஒரு சாதியின் மெஸ்.

இதை மாற்றியவர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரர், 1920களில் தஞ்சை மாவட்ட போர்டின் தலைவர். அந்த விடுதிகளைப் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். திருவையாற்றில் சமஸ்கிருதத்துக்கு மட்டும் நடந்துகொண்டிருந்த கல்லூரியில் தமிழும் அவர் காலத்தில்தான் நுழைந்தது. 1940இல் விமான விபத்தில் இறந்துபோனார். இன்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு கட்சிக்காரராகப் பேசுவார்கள், பேசாதவர்களும் அதே காரணத்துக்காகத்தான் பேசமாட்டார்கள். எனக்கு அவர் என் பெரியப்பாவின் தட்டுக்கு வழி விட்டவர். அந்த உத்தரவு இல்லையென்றால் பெரியப்பா வாத்தியார் ஆகியிருக்க மாட்டார். அவர் ஆகாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் இன்ஜினியரிங் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யத் தெரிந்த ஆளே இருந்திருக்க மாட்டார்.

இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. நிலத்தை எழுதி வைத்தவரின் மனசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது வாசலைத் திறந்து வைத்திருக்கப் போதவில்லை. நிர்வாகத்தில் உட்கார்ந்தவர்களின் கண்ணுக்கு யார் "தகுதியானவர்" என்று பட்டதோ அவர்களே உள்ளே இருந்தார்கள். அந்தக் கண்ணை நம்பாமல் ஒருவர் விதியை மாற்றி எழுதியபோதுதான் வாசல் திறந்தது. இருநூறு வருட சத்திர வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டே இரண்டு: அந்த நள்ளிரவு மணி, அந்த 1920களின் உத்தரவு. ஒன்று, விடுபட்டவனைத் தேடியது. இன்னொன்று, எடைபோடும் கண்ணிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கியது.

இன்றைய தனியார் தர்மம் இரண்டையும் கைவிட்டுவிட்டது.

*

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு உதவித்தொகை ஆரம்பித்தோம். வருடம் இருபது மாணவர்கள். நல்ல எண்ணம்தான். "டேய், நீதான் டெக்னிக்கலா பாத்துக்கணும்" என்றார்கள். பார்த்துக்கொண்டேன். கூகுள் ஃபாரம் செய்தேன். மதிப்பெண் ஷீட் செய்தேன்: குடும்ப வருமானத்துக்கு 40, மார்க்குக்கு 30, நேர்காணலுக்கு 20, "உங்கள் கனவு என்ன?" கட்டுரைக்கு 10. ஷீட் தானாகவே வரிசைப்படுத்தி இருபதாவது பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். அந்தக் கோட்டுக்காக எனக்குப் பாராட்டெல்லாம் கிடைத்தது.

இரண்டாவது வருடம் ஒரு பையன் வந்தான். கடலோரக் கிராமம், அப்பா படகில் கூலிக்குப் போகிறவர். வீடியோ காலில் படம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. எங்களில் ஒருவர் சாட்டில் தட்டினார்: "ஃபோன பாத்தீங்களா? இருபதாயிரம் இருக்கும்." நான் நேர்காணல் மார்க்கை 16இலிருந்து 11 ஆக்கினேன். ஷீட் அவனை இருபத்தொன்றாவது இடத்தில் வைத்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

ஃபோன் அவனுடையதா, இரவல் வாங்கியதா என்று நாங்கள் கேட்கவில்லை. நேர்காணல் வீடியோ காலில்தான், இணைப்பு நன்றாக இருக்க வேண்டும் என்று ஃபாரமில் எழுதியதே நாங்கள்தான். நல்ல ஃபோனோடு வா என்று நாங்களே சொல்லி, வந்ததும் நல்ல ஃபோன் வைத்திருக்கிறான் என்று மார்க் குறைத்தோம். அன்றைக்கு ராத்திரி எனக்கு இலவச டிவி ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் ஷீட்டைத் திருத்தவில்லை. திருத்தினால் இருபதாவது ஆளை இறக்க வேண்டும், குழுவில் விளக்கம் சொல்ல வேண்டும். அந்தப் பையன் என்ன ஆனான் என்று எங்களில் யாரும் விசாரிக்கவில்லை. எங்கள் ஷீட்டில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

என் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. எந்த வடிகட்டியும் இரண்டு விதமாகத் தப்பு செய்யும். உள்ளே விடக்கூடாததை விட்டுவிடுவது ஒன்று, விட வேண்டியதைத் தடுத்துவிடுவது இன்னொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நாங்கள் அதைப் பேசவே இல்லை. பேசாமலே எல்லாரும் ஒரே முடிவில் இருந்தோம்: ஏமாற்றுக்காரன் ஒருத்தன்கூட நம் பணத்தைத் தின்றுவிடக் கூடாது. பசித்தவன் விடுபட்டால்? விடுபட்டவன் போட்டோவில் இருக்க மாட்டான், குழுவில் வந்து கேள்வி கேட்க மாட்டான், ஆகவே அது எங்களுக்குத் தப்பாகவே தெரியவில்லை. நள்ளிரவு மணி நேர் எதிரான முடிவு. ஏற்கெனவே சாப்பிட்டவன் ஒருவன் மணிச் சத்தத்துக்கு மறுபடி வந்து உட்கார்ந்தால் போகட்டும், சாப்பிடாதவன் ஒருவன் படுத்துவிடக் கூடாது. இருநூறு வருடம் முன்பு சமையற்கட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது, மெஷின் லேர்னிங் படித்த எங்களுக்குத் தெரியவில்லை.

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். நம் உதவித்தொகைக் குழுக்களின் மொத்தச் சிந்தனையும் அந்த மூன்று சொல்தான். தயவுசெய்து அந்தப் பழமொழியின் அடுத்த பாதியையும் சொல்லிப் பாருங்கள். கோத்திரம் வரும். பாத்திரம் அறிகிற கண்ணும் கோத்திரம் அறிகிற கண்ணும் ஒரே முகத்தில்தான் இருக்கின்றன. 1920கள் வரை ஒரத்தநாட்டு விடுதியில் நடந்தது அதுதான்.

*

குழுவில் இதைப் பேசியபோது வந்த பதில்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

முதல் பதில்: "பணம் கொஞ்சம், விண்ணப்பம் அதிகம். தேர்ந்தெடுத்துத்தானே ஆகணும்?" ஆக வேண்டும். அதற்கு ஒரு விதி போதும். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. இவற்றை வாங்கவே அந்தப் பிள்ளை இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எத்தனை நடை நடந்திருக்கும்! அதற்கு மேலும் நூறு பேர் மிஞ்சினால் குலுக்கிப் போடுங்கள். உத்திரமேரூரில் ஊர்ச்சபைக்கே குடவோலை போட்டு ஆள் எடுத்த நாடு இது. குலுக்கலில் பெயர் வராத பையன் அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொள்வான். நேர்காணலில் தோற்றவன், தன் ஏழ்மையும் தன் கனவும் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு போவான். இரண்டும் ஒன்றில்லை.

இரண்டாவது: "நேர்ல பாக்காம குடுத்தா ஏமாத்துவாங்க." நான் ஏமாற்றியவன். அதனால் சொல்கிறேன், ஏமாற்ற எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த நேர்காணலும் மைக்கும்தான். சான்றிதழில் எங்கள் வருமானம் சரியாகத்தான் இருந்தது. யாரும் கதை கேட்டிராவிட்டால் நான் கதை கட்டியிருக்க மாட்டேன். கண்ணீருக்கு மார்க் உண்டு என்றால் பிள்ளைகள் கண்ணீர் தயாரிப்பார்கள். பத்தொன்பது வயதில் அதைத் தயாரிக்கத் தெரியாத பிள்ளைதான் உண்மையில் தோற்றுப்போகிறது. வாய் வராத பிள்ளை, சபைக் கூச்சமுள்ள பிள்ளை, அப்பாவைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச மறுக்கிற ரோஷக்காரப் பிள்ளை.

மூன்றாவது: "நல்லா படிக்கிற பிள்ளைக்குக் குடுத்தா நாட்டுக்கு நல்லது." மூன்று வேளை சாப்பிடுகிற பிள்ளையையும் காலையில் டீ குடித்துவிட்டு வகுப்பில் உட்காருகிற பிள்ளையையும் ஒரே மார்க் பட்டியலில் போட்டு யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்று பார்ப்பது என்ன நியாயம்? சோறு போட்டுவிட்டு மார்க்கைப் பாருங்கள். மார்க்கைப் பார்த்துவிட்டுச் சோறு போடாதீர்கள்.

நாலாவதுதான் நிஜக் காரணம்: "பணம் குடுக்குறவங்களுக்கு ஒரு கனெக்ட் வேணும்ல?" ஆமாம், அதற்குத்தான் அத்தனையும். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு வந்த பிறகு, பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். நல்ல சட்டம். கூடவே அறிக்கை வந்தது, அறிக்கையில் ஒட்டப் போட்டோ வந்தது, போட்டோவுக்குச் சிரிக்கிற மாணவர்கள் வந்தார்கள். அந்த வாடிக்கை எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்கும் தொற்றிக்கொண்டது. பிள்ளைகளின் கதை இப்போது நாம் போட்ட பணத்துக்கு வருகிற ரசீது. பெரியப்பாவிடம் அந்த ரசீதை யாரும் கேட்கவில்லை.

*

கேட்காமல் கொடுக்க முடியுமா என்றால், முடியும். நம் கண்ணெதிரிலேயே நடக்கிறது. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள், தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி. 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு. தட்டோடு உட்கார்ந்த எந்தப் பிள்ளையிடமும் உன் கனவு என்ன என்று கேட்டுவிட்டுச் சாம்பார் ஊற்றுவதில்லை. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமும் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வனும் மாதம் ஆயிரம் ரூபாயைக் கணக்கில் போடுகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாய் என்பதுதான் விதி. மேடை கிடையாது.

அரசாங்கம் பெரிய தர்மவான் என்று சொல்ல வரவில்லை. 1944இலிருந்து இருக்கிற பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, கல்லூரி தொடங்கிப் பல மாதம் கழித்து வந்துசேரும் கதை எல்லாருக்கும் தெரியும். அரசு நலத்துறை விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படியை 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார்கள். ஒரு நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. எங்கள் அலுவலக கேண்டீனில் ஒரு காபியும் ஒரு வடையும் அதைவிட அதிகம். சத்திர விடுதிகளும் இன்று மாவட்ட நிர்வாகத்தின் கீழ் அமைதியாகக் கிடக்கின்றன. கெட்டிக்கார மாணவனைத் தேடிக் கண்டுபிடித்துக் காசோலை கொடுக்க ஆயிரம் அறக்கட்டளைகள் இருக்கின்றன. அந்த 50 ரூபாயோடு இன்னும் 50 ரூபாய் சேர்த்து ஒரு விடுதியின் மொத்தத் தட்டுகளையும் நிறைப்போம் என்று எத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள்? அதில் தனி முகம் இல்லை, கதை இல்லை, போட்டோவில் தெரிவது வெறும் சோறு.

எங்கள் குழுவில் நான் வைத்த யோசனை சாதாரணமானது. நேர்காணல் வேண்டாம், கட்டுரை வேண்டாம், விழா வேண்டாம். பணம் ஜனவரியில் வேண்டாம், கல்லூரி திறக்கும்போதே மெஸ் கணக்கில் கட்டிவிடலாம். செமஸ்டர் பாதியில் விடுதிக் காப்பாளரிடம் ஒருமுறை விசாரிப்போம்: யார் சாப்பிட வருவதில்லை, யார் பாக்கி வைத்து ஒதுங்கி நிற்கிறார்கள்? அவர்கள் விண்ணப்பித்திருக்க வேண்டியதில்லை, நாம் தேடிப் போவோம். வாட்ஸப்பில் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் "டோனர் எங்கேஜ்மெண்ட் அடிபடும்" என்றார். அதற்கு இருபத்திரண்டு கட்டைவிரல். இந்த வருடமும் நேர்காணல் நடக்கிறது. நான் ஷீட்டைக் கொடுக்க மறுத்துவிட்டேன், வேறொருவர் புதிதாகச் செய்துகொண்டார், என்னுடையதைவிட நன்றாகவே. நாங்கள் ஆறு பேர் மட்டும் தனியாக ஒரு விடுதியில் சிலருடைய மெஸ் பாக்கியைக் கட்டுகிறோம். யாருக்குக் கட்டினோம் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆசை லேசில் போகாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அந்த பஸ் ராத்திரியைப் பற்றிப் பேச்செடுத்தேன். மூணு வேளையும் போட்டம்மா, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். "அத விடு, சாப்ட வா" என்றாள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இன்னும் சில வருடத்தில் இப்படி ஒரு குழுவில் உட்காருவீர்கள். சம்பளம் வரும், நல்ல எண்ணமும் வரும், யாராவது கூப்பிடுவார்கள். எதிரே ஒரு பிள்ளை, திரையிலோ நாற்காலியிலோ, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அதன் கனவைக் கேட்காதீர்கள், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். மெஸ் பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிடுங்கள். அன்று வராமல் போன பிள்ளை யார் என்று அப்புறம் தேடுங்கள்.